தலையில் பந்து வைத்த தீவு

மோரீஸ் தீவுக்குப் பிரயாணம் போகிறவர்கள் சாதாரணமாகக் கடற்கரையைப் பார்க்கத்தான் போவார்கள். நாம் கால்பந்தைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னதும் சென்னை நண்பர் ஒருவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "கால்பந்து பார்க்க ஆசையிருந்தால் பிரேஸிலுக்குப் போகிறது, இங்கிலாந்துக்குப் போகிறது. மோரீஸில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். உலகத்துத் தேசங்களின் கால்பந்துக் கோஷ்டிகளைத் தராதரப்படி வரிசையாக நிற்க வைத்தால், சுமார் 210 கோஷ்டிகளில் மோரீஸ் கோஷ்டிக்குச் சமீப வருஷங்களில் கிடைத்திருப்பது 150-க்கும் கீழே ஓர் இடம். உலகக் கோப்பைப் பந்தயத்தில் அது ஒரு தடவைகூட ஆடியதில்லை. ஆகையால் அதன் வெற்றிகளைக் கொண்டாடுவதற்காக நாம் போகவில்லை. அந்தத் தீவில் உள்ள ஒரு விளையாட்டு மைதானத்தின் பெயர் நம்மை இழுத்துக்கொண்டு போயிற்று. அது ஒரு தமிழ்ப் பெண்மணியின் பெயர். அதைப் பற்றி உரிய இடத்தில் சொல்லுகிறோம். நேயர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகாய விமானம் தீவின் தென்கிழக்கு மூலையில் பிளேஸான்ஸ் என்னும் இடத்தில் இறங்குகிறது. இறங்கும்போதே இரண்டு பக்கமும் கரும்புக் காடு கண்ணுக்குத் தெரிகிறது. தீவின் பரப்பு சுமார் 2,000 சதுர கிலோமீட்டர். நம்முடைய ஜில்லாக்களில் பலவற்றில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். ஜனத்தொகை பன்னிரண்டரை லக்ஷம். விமான நிலையத்தில் பணம் மாற்றிக்கொண்டு ரூபாய் நோட்டைப் புரட்டினால், அதில் தமிழ் எழுத்துக்கள்! ஒரு கணம் உடம்பு சிலிர்த்துத்தான் போயிற்று. ஆனால் அந்த எழுத்துக்களுக்குப் பின்னால் ஒரு சண்டை உண்டு. 1998-ம் வருஷத்தில் புதிய நோட்டுக்கள் அச்சிட்டபோது தமிழுக்கு மேலே ஹிந்தியை வைத்துவிட்டார்கள். தமிழர்கள் கிளர்ச்சி செய்தார்கள். நோட்டுக்களையே திரும்பப் பெற்றுக்கொண்டு பழைய வரிசைப்படி மறுபடியும் அச்சடிக்க நேர்ந்தது. இந்தத் தீவில் யார் முன்னால், யார் பின்னால் என்பது சிறிய விஷயமல்ல என்பதை வந்து இறங்கிய அரைமணி நேரத்திலேயே தெரிந்துகொண்டோம்.

அதற்குக் காரணம் இருக்கிறது. மோரீஸில் ஆதிகுடிகள் என்று யாருமே கிடையாது. எல்லோரும் கப்பல் ஏறி வந்தவர்கள், அல்லது கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள். பிரெஞ்சுக்காரர்கள் எஜமானர்களாக வந்தார்கள். ஆப்பிரிக்கர்களும் மடகாஸ்கர்வாசிகளும் அடிமைகளாக வந்தார்கள். அவர்களுடைய வம்சத்தாரைக் கிரியோல்கள் என்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே வந்து தலைநகரைக் கட்ட உதவினார்கள். 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் லக்ஷக்கணக்கில் கரும்புத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். சீனர்கள் கடை வைக்க வந்தார்கள். அந்தத் தீவுக்கே சொந்தமான பிராணிகளில் டோடோ என்னும் பறக்கத் தெரியாத பறவையும் ஒன்று; அதையும் டச்சுக்காரர்கள் கால் வைத்த நூறு வருஷத்துக்குள் பூண்டோடு ஒழித்துவிட்டார்கள். தேசக் கால்பந்துக் கோஷ்டிக்கு 'டோடோக்கள்' என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. அழிந்துபோன பறவையின் பெயரைச் சுமந்துகொண்டு பதினொரு பேர் ஓட வேண்டியிருப்பது சற்றுச் சங்கடமான காரியந்தான்.

நமக்கு வாய்த்த மோட்டார் சாரதி அறுபது வயதைத் தாண்டியவர். "வணக்கம்" என்றார், அதற்கு மேல் அவருக்குத் தமிழ் வரவில்லை. அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனார் தென்னார்க்காட்டுப் பக்கமிருந்து வந்தவராம். வீட்டில் பேசுவது கிரியோல் பாஷை. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பது மட்டும் தவறுவதில்லை. அன்றைக்குத் தீவு முழுவதுக்கும் அரசாங்க விடுமுறை என்று பெருமையுடன் சொன்னார். அரைகுறை இங்கிலீஷில் நாமும் அவரும் சமாளித்துக்கொண்டோம். கால்பந்தைப் பற்றிப் பேச அது தாராளமாகப் போதும்.

முதலில் க்யூர்பீப் நகரத்துக்குப் போனோம். அது மேட்டுப் பிரதேசம். கடலோரத்தில் வெயில் சுட்டெரிக்கும் சமயத்திலும் இங்கே தூறல் போட்டுக்கொண்டிருக்கிறது. ஊருக்கு மேலே அணைந்துபோன எரிமலை வாய் ஒன்றும், அதன் அடியில் ஒரு குட்டையும் இருக்கின்றன. அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் கொண்ட மைதானத்துக்குச் சென்றோம். மன்னரும் போய், அவருடைய சாம்ராஜ்யமும் போய், பெயர் மட்டும் தங்கியிருக்கிறது. ஈரப் புல்லின் ஓரத்தில் நின்றுகொண்டு சாரதி ஒவ்வொரு பக்கமாகக் கையைக் காட்டி, "இங்கே அவர்கள் உட்காருவார்கள், அங்கே இவர்கள், அந்த மூலையில் நாங்கள்" என்றார்.

"நாங்கள் என்றால் யார்?" என்று கேட்டோம்.

"தமிழ் கேடட்ஸ்" என்றார்.

மோரீஸ் கால்பந்தின் கதை முழுவதும் அந்த ஒரு பதிலில் அடங்கியிருந்தது. வெள்ளைக்காரச் சீமான்களுக்கு டோடோ கிளப். கிரியோல்களுக்கு பயர் பிரிகேட். ஹிந்துக்களுக்கு ஹிந்து கேடட்ஸ். முஸ்லிம்களுக்கு முஸ்லிம் ஸ்கவுட்ஸ். தமிழர்களுக்குத் தமிழ் கேடட்ஸ். பிறந்த தொட்டிலிலேயே குழந்தைக்கு எந்தக் கட்சி என்பது தீர்மானமாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தகப்பனார் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வருவார். பந்தயம் முடிந்த பிறகு, ஜயித்த ஜாதியார் தெருவெல்லாம் கூத்தாடுவார்கள். தோற்ற ஜாதியார் கதவைச் சாத்திக்கொள்ளுவார்கள். "அப்போது உட்கார இடம் கிடைக்காது, மரத்தின் மேல் ஏறிப் பார்ப்போம்" என்று சொன்னபோது கிழவருடைய முகத்தில் இருந்த களையை நாம் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் இதே தீவார் மற்றத் தீவாரோடு மோதும்போது வேறு மனிதர்களாகிவிடுவார்கள். 1947 முதல் 1963 வரையில் மோரீஸ், ரீயூனியன், மடகாஸ்கர் ஆகிய மூன்று தீவுகளும் தங்களுக்குள் பந்தயங்கள் நடத்திக்கொண்டிருந்தன. பெரும்பாலும் மோரீஸ்தான் கோப்பையைத் தட்டிக்கொண்டு வந்தது. சுதந்திரம் வருவதற்கு முன்பே சுதந்திர தேசத்தைப் போல் ஜனங்கள் ஒரே குரலில் கோஷமிட்ட இடம் கால்பந்து மைதானமாகத்தான் இருக்க வேண்டும்.

சுதந்திரம் 1968-ம் வருஷம் மார்ச்சு மாதம் 12-ந் தேதி கிடைத்தது. காந்தி மகாத்மா தண்டி யாத்திரை புறப்பட்ட தேதி என்பதற்காகவே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். மகாத்மாவும் 1901-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் அந்தத் தீவில் சில நாட்கள் தங்கியிருக்கிறார். ஆனால் கொடி ஏறுவதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜனவரியில், போர்ட் லூயிஸ் நகரத்தில் கிரியோல்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பெருங் கலகம் மூண்டது. பலர் மாண்டார்கள். அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் தத்தம் இனத்தார் வாழும் பேட்டைகளுக்குக் குடி பெயர்ந்தார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நாலு பட்டை கொண்ட புதிய கொடி ஷாம் த மார்ஸ் குதிரைப் பந்தய மைதானத்தில் ஏறியபோது, சந்தோஷத்துடன் பயமும் கலந்துதான் இருந்தது.

இந்த நிலைமையில்தான் 1974-ம் வருஷம் வந்தது. ஆப்பிரிக்கக் கோப்பைப் பந்தயத்தின் கடைசிச் சுற்றுக்கு மோரீஸ் கோஷ்டி தேறி எகிப்துக்குப் போயிற்று. பயிற்சி அளித்தவர் முகமது அன்வர் எலாஹி. காங்கோவிடம் இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். கினியாவிடம் இரண்டுக்கு ஒன்றாகத் தோற்றார்கள். ஸயரிடம் நாலுக்கு ஒன்றாகத் தோற்றார்கள். மூன்று ஆட்டம், மூன்று தோல்வி. அதற்கப்புறம் இன்றுவரை அந்தக் கடைசிச் சுற்றை மோரீஸ் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அந்த வருஷம் கோப்பையை வென்றது ஸயர். அதே வருஷம் ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பையில் ஆடியதும் அதே கோஷ்டி. அப்பேர்ப்பட்டவர்களின் வலைக்குள் ஆறு வயதுத் தேசம் ஒன்று ஒரு பந்தைப் போட்டுவிட்டு வந்தது. சாரதிக்கு அப்போது பதினாலு வயது. "அந்தக் கோலைப் போட்டவன் எந்த ஜாதி என்று அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை" என்றார்.

க்யூர்பீப்பிலிருந்து போர்ட் லூயிஸுக்கு இறங்கும்போது வலது கைப் பக்கம் மலைத்தொடர் ஒன்று கூடவே வருகிறது. அதில் பீட்டர் போத் என்று ஒரு சிகரம். அதன் உச்சியில் யாரோ தூக்கி வைத்தாற்போல் ஓர் உருண்டைப் பாறை உட்கார்ந்திருக்கிறது. இரவில் தேவதைகள் ஆடியதைப் பார்த்துவிட்டு, வெளியே சொல்லாதே என்று எச்சரித்தும் கேளாமல் ஊரில் வந்து சொல்லிவிட்ட பால்காரன் ஒருவன் அப்படிக் கல்லாய்ச் சமைந்தான் என்று கதை சொல்லுகிறார்கள். நமக்கென்னவோ அது பால்காரன் தலையாகத் தோன்றவில்லை; தலையில் நிறுத்திய பந்தாகத்தான் தோன்றிற்று. எந்த நிமிஷமும் விழுந்துவிடும் போலிருக்கிறது, விழவில்லை.

போர்ட் லூயிஸில் கூலிகள் வந்து இறங்கிய துறையின் கற்படிகளைப் பார்த்தோம். நம்மவர்களில் எத்தனையோ பேர் அந்தப் படிகளில் கால் வைத்தவர்கள். அவற்றைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அங்கிருந்து ராயல் வீதி வழியாகப் போகையில் ஓரிடத்தில் சாரதி வண்டியின் வேகத்தைக் குறைத்து, வாய் பேசாமல் கையை மட்டும் காட்டினார். நமக்கு விஷயம் தெரியுமாதலால் நாமும் ஒன்றும் கேட்கவில்லை.

1980-க்குப் பிந்தைய வருஷங்களில், கிளப்புகளின் பெயரிலிருந்து ஜாதியும் மதமும் நீங்க வேண்டும் என்று அரசாங்கத்தார் வற்புறுத்தினார்கள். அப்படியே நீங்கின. முஸ்லிம் ஸ்கவுட்ஸ் வெறும் ஸ்கவுட்ஸ் ஆயிற்று. பலகையில் எழுத்து மாறியது. பெஞ்சியில் உட்கார்ந்தவர்கள் மாறவில்லை. 1999-ம் வருஷம் பிப்ரவரியில் காயா என்னும் பிரபல கிரியோல் பாடகர் போலீஸ் காவலில் இறந்துபோனார். தீவு சில நாட்கள் பற்றி எரிந்தது. அந்தச் சூடு தணியுமுன் மே மாதம் 23-ந் தேதி சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டத்தில் ஸ்கவுட்ஸும் பயர் பிரிகேடும் மோதின. பயர் பிரிகேட் ஜயித்தது. ஆட்டம் முடிந்த பிறகு ஆத்திரம் கொண்ட ஒரு கும்பல் போர்ட் லூயிஸ் வீதிகளில் புகுந்தது. ராயல் வீதியில் லாமிகால் என்ற சூதாட்ட விடுதிக்குத் தீ வைக்கப்பட்டது. உள்ளே அகப்பட்டுக்கொண்ட ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள்.

அந்தக் குழந்தைகளுக்கும் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம்?

அரசாங்கம் லீக் பந்தயங்களை நிறுத்திவைத்தது. திரும்பவும் ஆரம்பித்தபோது பழைய கிளப்புகளுக்கு இடமில்லை. இனி ஊருக்கு ஒரு கோஷ்டி, பிரதேசத்துக்கு ஒரு கோஷ்டி என்று ஏற்பாடு செய்தார்கள். போர்ட் லூயிஸ் 2000, க்யூர்பீப் ஸ்டார்லைட், பாம்பிள்மூஸ், சவான் என்று புதிய பெயர்கள் வந்தன. நல்ல ஏற்பாடு, வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் மைதானங்களில் கூட்டம் குறைந்துபோயிற்று. ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூச்சல் போட ஜனங்களுக்கு வாய் வரவில்லை. விஷத்தை இறக்கிய வைத்தியத்தில் ரத்தமும் சேர்ந்து இறங்கிவிட்டது என்பது நம் அபிப்பிராயம். ஆனாலும் பழையபடி விஷத்தை ஏற்றிக்கொண்டு மைதானத்தை நிரப்பலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டோம். காலி பெஞ்சுகளினால் யாரும் சாவதில்லை.

நாங்கள் போன சனிக்கிழமை மாலையில் போர்ட் லூயிஸ் கடையொன்றில் தோள் இடிபட நின்று ஜனங்கள் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தோம். டெலிவிஷனில் லிவர்பூல் ஆடிக்கொண்டிருந்தது. ஹிந்து, முஸ்லிம், கிரியோல், சீனர் எல்லோரும் அங்கே இருந்தார்கள். சில பேர் லிவர்பூல், சில பேர் எதிர்க்கட்சி. ஜாதி வித்தியாசம் ஒன்றும் புலப்படவில்லை. ஆறாயிரத்துச் சொச்சம் மைலுக்கு அப்பாலுள்ள ஓர் ஊருக்காகச் சமரசமாகச் சண்டை போட்டார்கள். நமக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது.

சின்னத் தேசம், பன்னிரண்டரை லக்ஷம் ஜனத்தொகை, இதில் என்ன கோஷ்டி தேறும் என்று சமாதானம் சொல்வாருண்டு. அந்தச் சமாதானம் இனிச் செல்லாது. 2026-ம் வருஷத்து உலகக் கோப்பைக்கான தகுதிப் பந்தயத்தில் மோரீஸ் இருந்த அதே பிரிவில் கேப் வெர்டி என்னும் தீவுத் தேசமும் இருந்தது. அட்லாண்டிக் சமுத்திரத்தில் பத்துத் தீவுகள். ஜனத்தொகை ஐந்து லக்ஷத்துக்குச் சற்று மேல். மோரீஸில் பாதிகூட இல்லை. அது மோரீஸை இரண்டு தடவையும் தோற்கடித்தது. கமரூனையும் பின்னுக்குத் தள்ளி, 2025 அக்டோபர் 13-ந் தேதி முதல் தடவையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. போர்ச்சுகலுக்கும் ஹாலந்துக்கும் பிரான்ஸுக்கும் பிழைக்கப் போனவர்களின் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு, 'இது உன் பாட்டி பிறந்த ஊர். வந்து ஆடு' என்று சொல்லிச் சேர்த்த கோஷ்டி அது. மோரீஸும் அப்படி ஒரு சிலரைக் கூப்பிட்டதுண்டு. பாரிஸில் பிறந்து இங்கிலாந்தில் இப்ஸ்விச் கிளப்புக்கு ஆடிய கெவின் புரூ அவர்களில் ஒருவர். ஆனால் இங்கே கூப்பிடுவதில் அவ்வளவு தீவிரம் இருந்ததாகத் தெரியவில்லை.

தேசம் முழுவதும் ஒன்றாக எழுந்து நின்ற சந்தர்ப்பங்களும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் அநியாயம். இந்து சமுத்திரத் தீவுகளின் விளையாட்டு விழா 1985-ல் மோரீஸில் நடந்தபோது கால்பந்தில் தங்கப் பதக்கம் மோரீஸுக்கே கிடைத்தது. மறுபடியும் 2003-ல் அதே தீவில் விழா நடந்தபோதும் மோரீஸே ஜயித்தது. அது ராயல் வீதித் தீக்குப் பிறகு நாலாவது வருஷம். "அன்று ராத்திரி யார் யாரையோ கட்டிக்கொண்டேன், யாரென்று இன்றுவரை தெரியாது" என்றார் சாரதி.

மறுநாள் காலையில் வடக்கே பெல் வியூவுக்குப் புறப்பட்டோம். சமவெளி, இரண்டு பக்கமும் கரும்பு. மைதானம் அந்தக் கரும்பின் நடுவில் நிற்கிறது. பெரிய கட்டடம், பல்லாயிரம் பேர் உட்காரலாம். வாசலில் அஞ்சலை என்று பெயர். நேயர்களுக்குச் சொல்லுகிறோம் என்ற பெயர் இதுதான்.

அஞ்சலை கூப்பன் கரும்புத் தோட்டத்துக் கூலிப் பெண். 1943-ம் வருஷம் இந்தப் பக்கத்துத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். செப்டம்பர் 27-ந் தேதி போலீஸார் சுட்டார்கள். நாலு பேர் உயிர் துறந்தார்கள். அஞ்சலைக்கு வயது முப்பத்திரண்டு; அப்போது அவள் கர்ப்பவதி. கூட இறந்த மூவரின் பெயர்களும் தமிழ்ப் பெயர்களே. தேசம் சுதந்திரம் பெற்ற பிறகு, எந்த மந்திரியின் பெயரையும் வைக்காமல் ஒரு கூலிக்காரியின் பெயரை விளையாட்டு மைதானத்துக்கு வைத்தார்களே, அந்த நல்ல மனத்தை வியந்துகொண்டுதான் நாம் கடல் கடந்து போனோம்.

ஆனால் 1999 மே 23-ந் தேதி ஸ்கவுட்ஸும் பயர் பிரிகேடும் ஆடியது எங்கே? இந்த அஞ்சலை மைதானத்தில்தான். அந்தக் கும்பல் இந்த வாசல் வழியாகத்தான் வெளியே வந்தது.

காவற்காரர் கதவைத் திறந்துவிட்டார். பெஞ்சுகளின் நடுவே கொஞ்ச தூரம் நடந்தோம். புல்லுக்கு யாரோ தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சாரதி உள்ளே வரவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் வண்டியில் அவரைக் காணோம். ரோட்டுக்கு அந்தண்டை, அறுவடையான கரும்பு வயலில் ஏழெட்டுச் சிறுவர்கள் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கோல் கம்பங்களுக்குப் பதில் இரண்டு பக்கமும் நிமிர்த்தி நட்ட கரும்பு. அவர்களோடு சாரதி ஏதோ பேசிக்கொண்டிருந்தார். எந்தக் கட்சிக்கும் எந்தக் கட்சிக்கும் பந்தயம் என்று கேட்கச் சொன்னோம். மேல் ரோட்டுக்காரர்களும் கீழ் ரோட்டுக்காரர்களும் என்று பதில் வந்தது. கீழ் ரோட்டில் ஒரு பையனுக்குக் காய்ச்சலாம். கோல் காக்க ஆள் இல்லையாம்.

சாரதி நம்மைத் திரும்பிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி வரப்பின் மேல் வைத்தார். நாம் அரைமணி நேரம் வண்டியில் காத்திருந்தோம். அவர் மூன்று கோல் விட்டுக்கொடுத்தார். அவற்றில் ஒன்று அவருடைய கால்களின் நடுவாகவே போயிற்று.